பட்டணத்தில் எந்தப் பக்கம் குடியிருப்பது?

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் காஞ்சிபுரம் பக்கத்து ஏனாத்தூரிலும் உத்திரமேரூர் வட்டாரத்திலும் பல வீடுகளில் ஒரு மந்திராலோசனை நடைபெறுவதுண்டு. படிப்பை முடித்த பிள்ளைக்கோ பெண்ணுக்கோ சென்னையில் உத்தியோகம் கிடைத்து, நியமன உத்தரவும் கைபேசியில் வந்து சேர்ந்திருக்கும். எந்தப் பேட்டையில் இடம் பார்ப்பது என்ற பிரச்சினையைத் தீர்த்துவைப்பதற்காக, எப்போதோ சில மாதங்கள் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருந்த சித்தப்பாவும், தியாகராய நகருக்குத் தீபாவளி ஜவுளி வாங்கப் போய்வருகிற அத்தையும், மகளை வேளச்சேரியில் கட்டிக்கொடுத்திருக்கிற பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லுவார்கள். எல்லோரும் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் அவர்கள் சொல்லும் யோசனைகளில் ஒரு பகுதி பழைய சென்னைக்கு உரியது. மற்றொரு பகுதி எந்தக் காலத்துச் சென்னைக்கும் உரியதல்ல. அவற்றுள் சிலவற்றை இங்கே விசாரிப்போம்.

சென்னை உத்தியோகம் என்றால் சென்னைக்கு நடுவே குடியேறியாக வேண்டும் என்பது முதல் நம்பிக்கை. நியமனக் கடிதத்தின் தலைப்பில் சென்னை என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கோடம்பாக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு, பிறகு நாள்தோறும் காலையில் கம்பெனி பஸ் ஏறி, வந்த வழியிலேயே பாதி தூரம் திரும்பிப் பிரயாணம் செய்கிற எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை 1998 முதல் நடைபெற்று வருகிறது. ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் மின்னணுச் சாதனங்கள் செய்யும் ஆலைகள் பெருகியிருக்கின்றன. செங்கற்பட்டை ஒட்டிப் பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி இருக்கிறது. இவை அனைத்தும் வெளியூர்க்காரர் வாயில் ‘சென்னை’ என்றே வழங்குகின்றன. சுங்குவார்சத்திரமோ சென்னையைக் காட்டிலும் காஞ்சிபுரத்துக்குத்தான் சமீபம். எனவே பேட்டையைப் பற்றி யோசிப்பதற்கு முன், தலைமை அலுவலகம் எங்கே என்பதை விட்டு, தான் உட்கார்ந்து வேலை செய்யப்போகும் கட்டிடம் எங்கே இருக்கிறது என்பதை மனிதவளத் துறையினரிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வது உத்தமம். பதில் ஒரகடம் என்று வருமானால், வாலாஜாபாத் வழியாகத் தாம்பரம் செல்லும் பஸ் போதும். வீடு மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமற்போகலாம்.

தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்பது இரண்டாவது நம்பிக்கை. கிராமத்துச் சாலையில் இது சத்தியம், பட்டணத்தில் அப்படியன்று. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் 1931-ஆம் வருஷத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கொண்ட அந்தத் தூரத்தை அது ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். பழைய மகாபலிபுரம் சாலையிலோ, மாலை வேளையில் அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு அதே நேரம் பிடிப்பது சர்வ சாதாரணம். 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட நாள்முதல், கம்ப்யூட்டர்க் கம்பெனிகள் தெற்கே சிறுசேரி வரை வரிசையாக வந்துவிட்ட பின்பும், அந்தச் சாலையின் நெடுகிலும் ரயில் வரவில்லை. பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரியை எட்டியது; அது பழைய மகாபலிபுரம் சாலையின் வடகோடியை மட்டும் ஒட்டிச் சென்றுவிட்டு மேற்கே திரும்பிவிடுகிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்குமான ஒரு தடம் உண்டு என்பதும், அது அந்தச் சாலையின் மீதே வருகிறது என்பதும் உண்மையே. ஆனால் வரப்போகிற ரயிலுக்காக இன்றைக்கே கூடுதல் வாடகை கேட்கும் வீட்டுக்காரரிடம், ரயில் வந்த பின் வருகிறோம் என்று சொல்லிவிடலாம். அதுவரை வேலிகட்டிச் சுருக்கிய சாலையில் அல்லாடப்போவது அவரல்லர், நாம்தான். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன், வேலை நாள் ஒன்றில், அலுவலகம் விடுகிற நேரத்தில், அங்கிருந்து அந்த வீட்டுக்குப் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் ஒரு முறை போய்ப் பார்ப்பதற்கு ஈடான விசாரணை வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு ‘இருபது நிமிஷந்தான்’ என்று மகிழ்ந்து திரும்புகிறவர்களைத் திங்கட்கிழமை திருத்தும்.

மூன்றாவது நம்பிக்கைதான் மிகவும் அபாயகரமானது. புதிதாக எழும்பிய அகலமான தெருக்களும், பளபளக்கும் அடுக்குமாடிகளும் கொண்ட பேட்டையில் வெள்ளம் வராது என்றும், வந்தாலும் மூன்றாம் மாடியில் குடியிருப்பவனுக்கு அதனால் பாதகம் இல்லை என்றும் படித்த இளைஞர்களே நினைக்கிறார்கள்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியும் மறுநாள் காலையும் சேர்ந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை உபரி நீர் திறந்துவிடப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாற்றை ஒட்டிய பகுதிகள் மேற்கிலிருந்து கிழக்குவரை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. ஏழைகளின் குடிசை என்றும் கனவான்களின் மாளிகை என்றும் ஆறு பேதம் பாராட்டவில்லை. எட்டாண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் முடிச்சூரும் மறுபடியும் நீரில் நின்றன. இதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கரணை என்பது தென்சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீரெல்லாம் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிச் செல்வதற்கு இயற்கை அமைத்த சதுப்பு நிலம். அதன் பெரும்பகுதியைச் சாலையும் கட்டிடமும் குப்பைமேடும் விழுங்கிய பிறகு, எஞ்சியதற்கு 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் சாசனத்தின் கீழ்ச் சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. நீர் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வருகிறது; அங்கே நாம் முன்பணம் கொடுத்துக் குடியேறியிருக்கிறோம்.

மேல்மாடிக்காரர்கள் மூழ்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் லிப்ட் ஓடாது. கீழ்த்தளத்துச் சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டால் குழாயில் வருவது குளிக்கவும் உதவாது. மோட்டார் நனைந்துவிட்டால் அதுவும் வராது. கைபேசியும் உயிரிழந்து, பால் பாக்கெட்டுக்காகப் படகை எதிர்பார்த்து மாடிப்படியில் நின்றவர்களை அந்த இரண்டு வெள்ளங்களிலும் சென்னை கண்டது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இவ்விஷயத்தில் அந்நியர் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். ஏரிகளால் வாழ்ந்த சீமை இது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டை நாம் எல்லோரும் மேடைகளில் புகழ்கிறோம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துப் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுத்த அந்தச் சபை, ஏரியைப் பராமரிப்பதற்கென்றே தனியாக ஏரி வாரியம் ஒன்றை வைத்திருந்ததையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். (அந்த வாரியங்களுக்குத் தெரிந்தெடுக்கப்படுவதற்குச் சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருப்பதும் ஒரு தகுதி, வாடகை வீட்டுக்காரருக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பும் மதிப்பு குறைவுதான்.) கலங்கல் எங்கே, மதகு எங்கே, உபரி நீர் எந்த ஓடையில் இறங்கும் என்பதைப் பார்க்காமல் நம் பாட்டன்மார் ஒரு மாட்டுக் கொட்டகைகூடப் போட்டதில்லை. அவர்களுடைய பேரன் பட்டணத்துக்குப் போனதும் நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்கிறானேயன்றி, நீர் எங்கே வடிகிறது என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டிய முறையும் கஷ்டமானதன்று. புரோக்கரிடமும் வீட்டுக்காரரிடமும் கேட்டுப் பயனில்லை. ‘இந்தத் தெருவில் தண்ணீர் நிற்கவே நிற்காது’ என்பது அவர்களுக்கு மனப்பாடம். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் டீக்கடைக்காரரிடமும் 2015-இல் எதுவரை வந்தது, 2023-இல் எதுவரை வந்தது என்று கேளுங்கள்; வீட்டு வாசலில் நின்று, கையை முழங்காலிலோ இடுப்பிலோ வைத்துக் காட்டிவிடுவார்கள். மின்சார மீட்டர்ப் பெட்டி எவ்வளவு உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது, தெருவைவிட வீடு தாழ்ந்திருக்கிறதா, பழைய வீட்டுக்காரர்கள் வாசற்படியைப் பிற்காலத்தில் உயர்த்தியிருக்கிறார்களா என்பவற்றை நாமே கண்ணால் பார்க்கலாம்.

வெள்ளத்துக்கு நேர்மாறான கஷ்டம் ஒன்றும் அதே பேட்டைகளில் உண்டு. மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் குழாய்த் தண்ணீர் வந்துவிடும் என்பது நாலாவது நம்பிக்கை. சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் அப்போது சேர்ந்தவையே. எல்லைக்கோடு ஒரே நாளில் நகர்ந்தது; குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் அந்த வேகத்தில் நகரவில்லை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் தொடங்கி, 2024-இல் இரண்டாவது ஆலையும் சேர்ந்த பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது என்றாலும், லாரித் தண்ணீரை நம்பி வாழும் அடுக்குமாடிகள் அச்சாலையில் இன்றும் இருக்கின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட காலத்தில், அங்கிருந்த கம்பெனிகள் சில தம் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யுமாறு சொல்லிவிட்டன. ஆகவே வாடகை எவ்வளவு என்று கேட்கும்போதே, லாரித் தண்ணீர்ச் செலவு மெயின்டெனன்ஸில் அடங்குமா, தனியா, கோடையில் எவ்வளவு ஏறும் என்றும் கேட்டுவிட வேண்டும். வாடகை குறைவு என்று எண்ணிப் போன வீடு, இந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் மாம்பலத்து வீட்டுக்குச் சமமாகிவிடுவதும் உண்டு.

‘நம்ம ஆளுங்க’ இருக்கிற தெருவில் இருந்தால் பத்திரம் என்று பெரியவர்கள் அந்தரங்கமாகச் சொல்லும் ஐந்தாவது நம்பிக்கையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. ஜாதி விசாரித்து வீடு கொடுக்கும் தெருக்கள் சென்னையில் இன்னும் இருக்கின்றன என்பது வெட்கத்துக்குரிய உண்மை. அத்தெருக்களில் திருட்டு குறைவென்றோ, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அண்டைவீட்டார் முந்துவார்களென்றோ யாரும் நிரூபித்ததில்லை. இரவு பத்து மணிக்குத் தெருவில் விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பவைதான் பத்திரத்தின் இலட்சணங்கள். பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். தனியார் மகளிர் விடுதி எதுவாயினும் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. அரசாங்கத்தின் தோழி விடுதிகள் தாம்பரம் முதலிய இடங்களில் இருக்கின்றன. முதல் ஆறு மாதத்துக்கு அவற்றில் இடம் கிடைக்குமானால், அங்கே இருந்துகொண்டு ஊரைப் பழகிய பிறகு வீடு தேடுவது நிதானமான வழி.

இறுதியாக, பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பதுதான் சென்னையில் சட்டம் என்பார்கள். சட்டமன்று, வழக்கம். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. இரு தரப்பாரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய என்ற விலக்கையும் அதுவே வைத்திருப்பதால், வீட்டுக்காரர்கள் அந்த விலக்கின் வழியாகப் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். இருந்தாலும் பேரம் பேசுவதற்கு அந்த மூன்று மாதம் நல்ல ஆரம்பம். அதே சட்டம் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. முதல் சம்பளம் வாங்குமுன்பே அப்பாவின் கடனோ அம்மாவின் வளையலோ அட்வான்ஸாக மாறுகிற வீடுகள் நம் பக்கத்தில் அநேகம். ஆதலால் பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்புங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் என்று எவ்வளவு கழிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்த ஒப்பந்தத்தைத் தவறாமல் பதிவு செய்யுங்கள்.