குர்ஆன் மனனம்: தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

நோன்பு மாத இரவுகளில் கூத்தாநல்லூர்ப் பள்ளிவாசல்களில் தராவீஹ் தொழவைக்கும் ஹாஃபிழ் (குர்ஆனை முழுதும் மனனம் செய்தவர்), அதன் 30 ஜுஸ்உவையும் (பாகங்களையும்) பார்க்காமல் ஓதுகிறார். அவர் ஒரு சொல்லில் தடுக்கினால் எடுத்துக் கொடுக்க அவருக்குப் பின்னால் இன்னொரு ஹாஃபிழ் நிற்பார். அந்த இடத்துக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளும், வயது வந்தபின் தொடங்கும் பெரியவர்களும் மனதில் கொள்ளவேண்டியது ஒன்றுதான்: எத்தனை தடவை ஓதினோம் என்பதைவிட, அதில் எத்தனை தடவை மூடிவைத்து ஓதினோம் என்பதே கணக்கு.

1. முதலில் உச்சரிப்பு

ஸீன், ஸாத், ஸா மூன்றும் பழகாத தமிழ்க் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். தவறாக ஓதி நூறு தடவை உருப்போட்டால், தவறுதான் உறுதிப்படும். அன்றைய பாடத்தை உஸ்தாதிடம் பார்த்து ஓதிக்காட்டித் திருத்திக்கொண்ட பிறகே மனனத்துக்கு உட்காருங்கள்.

2. ஒரே முஸ்ஹஃப்

மதீனா அச்சு முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) பக்கத்துக்கு 15 வரி, மொத்தம் 604 பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தோடு முடியும். எந்த ஆயத் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைக் கண்ணும் சேர்த்தே மனனம் செய்கிறது. எந்த அச்சானாலும் சரி, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

3. புதுப் பாடம்

ஓர் ஆயத்தைச் சில தடவை பார்த்து ஓதுங்கள். உடனே மூடிவிட்டு ஓதுங்கள். திணறும், திணறட்டும். நினைவு வராத இடத்தை மட்டும் திறந்து பார்த்து, மறுபடி மூடுங்கள். அடுத்த ஆயத் வந்ததும் இரண்டையும் சேர்த்து ஓதவேண்டும். ஆயத்துகள் தனித்தனியாகத் தெரிந்தும் கோவை தெரியாமல் நிற்பவர்கள் பலர்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்களே முந்தினார்கள். இன்று சரளமாக வருகிறது என்பதை வைத்து ஏமாறக்கூடாது.

4. பழைய பாடம்

ஹிஃப்ழு முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மதரஸாக்களில் புதுப் பாடம், அண்மைப் பாடம், பழைய பாடம் என மூன்றும் தினமும் நடக்கும். பிள்ளைகள் புதுப் பாடத்துக்கு ஓடுவார்கள். பெற்றோரும் “எத்தனை ஜுஸ்உ முடிந்தது?” என்றே கேட்பார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். பழைய ஜுஸ்உ ஒன்றை ஓதச் சொல்லிக் கேளுங்கள்.

ஜெர்மனியின் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து பார்த்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே நாளில் 68 தடவை ஓதிக் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 தடவை ஓதியதிலேயே அவருக்குக் கிடைத்தது. ஆகவே, சுப்ஹுக்குப் பின் புதுப் பாடம் என்றால், மஃரிபுக்குப் பின் அதையே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, வார இறுதியில் ஒருமுறை ஓதுங்கள். 30 ஜுஸ்உவும் முடிந்தபின் நாளுக்கு ஒன்று என ஓதினால் மாதம் ஒரு சுற்று வரும். ஏழு மன்ஸில் பிரிவுப்படி ஓதினால் வாரத்துக்கு ஒரு சுற்று.

5. ஒத்த ஆயத்துகள்

ஏறக்குறைய ஒரேபோல வரும் ஆயத்துகளில் நாக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். உதாரணமாக, வறுமைக்காகக் குழந்தைகளைக் கொல்லாதீர்கள் என்ற கட்டளை அன்ஆம் சூராவின் 151-ஆம் ஆயத்திலும், இஸ்ராவின் 31-ஆம் ஆயத்திலும் வருகிறது. முன்னதில் ‘உங்களுக்கும் அவர்களுக்கும்’ உணவளிப்பதாக வரும். பின்னதில் அந்த வரிசை மாறும். முன்னது ஏற்கெனவே வறுமையில் இருப்பவர்களுக்கு, பின்னது வறுமை வந்துவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கு. பொருள் தெரிந்தவருக்கு இங்கே தடுக்காது. எனவே இப்படிப்பட்ட இணைகளை அருகருகே வைத்து, பொருளோடு ஓதுங்கள்.

6. கேட்க ஓர் ஆள்

தனக்குத்தானே ஓதுபவருக்குத் தன் பிழை கேட்காது. கூத்தாநல்லூரின் சபராளிகளுக்கு, சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலைக்குப் போனபின், கேட்க ஆளில்லாதது பெரிய இழப்பு. ஊரில் இருக்கும் அத்தாவோ தம்பியோ முஸ்ஹஃபைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு சொல்: தடுக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். ஓதுபவர் தானே தேடிப் பிடிக்கச் சற்றுப் பொறுங்கள். பிடிபடாவிட்டால் ஒரே ஒரு சொல்லை மட்டும் கொடுத்து, அந்த ஆயத்தை முதலிலிருந்து ஓதச் சொல்லுங்கள்.