தீராத களஞ்சியம்

ஜப்பானிய மொழியில் 'முஜின்ஸோ' என்றொரு சொல் உண்டு. மூன்று எழுத்துகளால் ஆனது அது. 'மு' என்பது இன்மை. 'ஜின்' என்பது தீர்ந்துபோதல். 'ஸோ' என்பது களஞ்சியம். எடுக்க எடுக்கத் தீராத களஞ்சியம் என்பது இதன் பொருள். ஆனால் எண்ணெயையும் கடல்மீனையும் பற்றிப் பேசும்போது, 'இவை முஜின்ஸோ அல்ல' என்று எச்சரிக்கவும் இன்று இச்சொல் பயன்படுகிறது. அப்படியானால் உண்மையில் தீராதது எது?

இச்சொல்லின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. 'அக்ஷய' என்னும் வடமொழிக் கருத்து பௌத்தத்துடன் சீனம் சென்று, அங்கிருந்து ஜப்பானை அடைந்தது. அவதம்சக சூத்திரம் பத்துத் தீராத களஞ்சியங்களைக் கூறுகிறது: நம்பிக்கை, ஒழுக்கம், தீமைக்கு நாணுதல், பழிக்கு அஞ்சுதல், கேள்வி, ஈகை, மெய்யறிவு, நினைவு, கற்றதைக் காத்தல், பிறருக்கு எடுத்துரைத்தல். இவற்றுள் பொன்னும் இல்லை, நெல்லும் இல்லை. விமலகீர்த்தி சூத்திரம் இதை விளக்கின் மூலம் உணர்த்துகிறது. ஒரு விளக்கிலிருந்து பல்லாயிரம் விளக்குகளை ஏற்றினாலும் முதல் விளக்கின் ஒளி குன்றுவதில்லை.

பொருட்செல்வத்தையும் இவ்வாறு ஆக்க முயன்றவர்கள் உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் சீனத் தலைநகர் சாங்கானில், ஹுவாது மடத்தில் இதே பெயரில் ஒரு களஞ்சியம் இயங்கியது. அங்கு குவிந்த காணிக்கை கோயில் திருப்பணிக்கும் வறியோர் துயர் துடைக்கவும் வழிபாட்டிற்கும் பயன்பட்டது; கடனாகவும் வழங்கப்பட்டது. 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேரரசர் சுவான்சோங்கின் ஆணையால் அது மூடப்பட்டது. அரசாணையால் மூடக்கூடிய களஞ்சியம் முழுமையாகத் தீராதது ஆகுமா?

தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி ஆபுத்திரன் கையில் இருந்தது. ஆனால் ஆளற்ற மணிபல்லவத் தீவில் அவன் தனித்து விடப்பட்டான். உண்பதற்கு உணவு இருந்தது. ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லை. தன் ஒருவன் வயிற்றுக்காக அப்பாத்திரத்தை வைத்திருக்க அவன் விரும்பவில்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

அளவில்லாமல் இருப்பது மட்டும் நிறைவு ஆகாது. கொடுக்கும் மனமும் பெறுவோரும் கூடுமிடத்தில்தான் களஞ்சியம் களஞ்சியமாகிறது. நிலத்தடி நீரும் எண்ணெயும் எடுத்தால் குறைபவை. அவற்றைச் சிக்கனமாகவே ஆள வேண்டும். அன்பும் அறிவும் கொடுத்தால் வளர்பவை. அவற்றில் சிக்கனம் வேண்டியதில்லை. நாமோ பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறோம்.

இன்றிரவு உறங்கச் செல்லுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: குறையும் எதை இன்று வீணாக்கினேன்? குறையாத எதைக் கொடுக்காமல் பூட்டி வைத்தேன்?