பெயர்த்தகடு இல்லாத இயந்திரம்

பள்ளி விடுமுறையின் முதல் நாள். ஈப்போவில் மூடப்படவிருந்த ஒரு தச்சுப் பட்டறைக்குத் தாத்தாவும் நானும் சென்றிருந்தோம். அங்கே ஒரு மூலையில் பழைய மரக்கடைசல் இயந்திரம் ஒன்று தூசு படிந்து கிடந்தது. தாத்தா அதை 400 ரிங்கிட்டுக்கு வாங்கினார். ‘காசிங்’ எனப்படும் மலாய்ப் பம்பரத்தைத் தம் கையாலேயே கடைய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

வீட்டிற்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. மரத்துண்டைப் பற்றிக்கொள்ளும் ‘சக்’ என்னும் பாகம் இயந்திரத்தில் இல்லை. பெயர்த்தகடும் காணவில்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டுமே எஞ்சியிருந்தன. தயாரித்தவர் யார் என்று தெரியாமல் பாகத்தை எப்படி வாங்குவது?

“பெரும்பாலான இயந்திரங்களுக்கு இது பொருந்தும்,” என்று கடைக்காரர் கூறியதை நம்பி, நான் ஒரு சக்கை வாங்கி வந்தேன். சுழல்தண்டில் அதைத் திருகினேன். இரண்டு சுற்று சென்றதும் இறுகி நின்றுவிட்டது. ஸ்பேனரை எடுத்தேன்.

“நிறுத்து, கண்ணு!” என்றார் தாத்தா. “மரை நசுங்கினால் சுழல்தண்டே வீணாகிவிடும். அரைகுறையாகப் பிடித்திருக்கும் சக், வேகமாகச் சுழலும்போது கழன்று முகத்தில் அடிக்கும்.”

“பெயர் தெரியாத இயந்திரத்திற்கு வேறு என்ன செய்வது, தாத்தா?”

“மருத்துவர் நோயாளியின் பெயரைக் கேட்டா நோயைக் கண்டுபிடிக்கிறார்? சோதித்துப் பார்த்துத்தானே! நாமும் அளந்து பார்ப்போம்.”

முதலில் மின்னிணைப்பைத் துண்டித்தோம். சுழல்தண்டின் மரையைப் பல்துலக்கியால் சுத்தம் செய்தோம். வெர்னியர் கலிப்பரால் அளந்தபோது அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 25.3 மில்லிமீட்டர் இருந்தது. தேய்மானத்தையும் கருத்தில் கொண்டால், அது 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர்.

“சக்கின் அளவும் 1 அங்குலம்தானே?” என்று கேட்டேன்.

“பருமன் ஒன்றுதான். மரை இடைவெளியைப் பார்.”

அளவுகோலின் தொடக்கக் கோட்டில் ஒரு மரையின் முகட்டை வைத்து, ஓர் அங்குலத்திற்குள் எத்தனை இடைவெளிகள் உள்ளன என்று எண்ணினேன். பத்து! சக்கின் பெட்டியிலோ அங்குலத்திற்கு 8 மரை என்று எழுதியிருந்தது. ஒன்றில் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், மற்றொன்றில் 3.175 மில்லிமீட்டர். இரண்டு சுற்றிலேயே சக் சிக்கிக்கொண்டதன் காரணம் விளங்கியது.

ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படியே மரை வெட்டியது. இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841ஆம் ஆண்டில் மரைகளுக்குப் பொதுவான அளவுமுறை ஒன்றை முன்மொழிந்தார். ஆனால், மரக்கடைசல் இயந்திரங்களின் சுழல்தண்டுகள் இன்றும் ஒரே அளவில் இல்லை. ஐரோப்பிய இயந்திரங்கள் பலவற்றில் 33 மில்லிமீட்டர் பருமனும் 3.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் உள்ளன.

அடுத்து, இயந்திரத்தின் வால்பகுதியில் இருந்த கூம்புத் துளையை அளந்தோம். அதன் வாய் ஏறத்தாழ 17.8 மில்லிமீட்டர் அகலம் இருந்தது. அது ‘மோர்ஸ் கூம்பு 2’ என்னும் அளவு. சுழல்தண்டைக் கையால் சுற்றியபோது கரகரவென ஓசை எழுந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், தேய்ந்துபோன பேரிங்கின் விளிம்பில் 6206 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது.

“கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கு. பேரிங்கின் உள்விட்டம் கிடைக்கும்,” என்றார் தாத்தா.

ஆறைந்து முப்பது. கலிப்பரும் 30 மில்லிமீட்டர் என்றே காட்டியது!

மறுநாள் அளவுகள் எழுதிய தாளுடன் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் தாளைப் படித்தார். பழைய சக்கை மாற்றிக்கொண்டு, 10 மரைக்கு ஏற்ற உட்பொருத்தி உள்ள வேறொரு சக்கை எடுத்துத் தந்தார். புதிய பேரிங்கும் கிடைத்தது. இம்முறை சக் கைவிரல்களாலேயே கடைசி வரை எளிதாகத் திருகிச் சென்று, சுழல்தண்டின் தோளில் சரியாக அமர்ந்தது.

அந்த வாரக் கடைசியில், மெர்பாவ் மரத்தில் கடைந்த முதல் காசிங் எங்கள் வீட்டு வாசலில் சுழன்றது. தாத்தா கைதட்டிச் சிரித்தார்.

இயந்திரத்தைத் தயாரித்தவர் யார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால், பெயர்த்தகடு இருந்த இடத்தில் இப்போது நான் எழுதிய அளவுகள் ஒட்டப்பட்டுள்ளன. நாளை இதைப் பயன்படுத்துபவர் ஊகித்து வாங்க வேண்டியதில்லை.