பிஸ்கட் டின்னில் ஒரு கிரிக்கெட் கட்டு

மேற்குத் தாம்பரம்

அன்புள்ள மருமகனுக்கு,

சேலையூர் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து நீ இறக்கிய பிஸ்கட் டின்னின் படம் வந்து சேர்ந்தது. உள்ளே இருப்பது உன் அம்மா பள்ளிக்கூட நாட்களில் சேர்த்த கிரிக்கெட் ட்ரம்ப் கார்டு கட்டு. "மாமா, இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டிருக்கிறாய். முதலில் அதன் வயதைக் கண்டுபிடி. வயது தெரியாத பழைய சாமானுக்கு வியாபாரி வைத்ததுதான் விலை.

பெட்டியில் ஆண்டு போடவில்லையே என்று கவலைப்படாதே, கார்டுகளே காட்டிக்கொடுத்துவிடும். பிரையன் லாராவை எடு. டெஸ்டில் அதிகபட்ச ரன் 375 என்றிருக்கிறது. ஆன்டிகுவாவில் அந்த ரன்னை அவர் எட்டியது 1994 ஏப்ரல் 18. அதே மைதானத்தில் 400 அடித்தது 2004 ஏப்ரலில். ஆக, கட்டு இந்தப் பத்தாண்டுக்குள் வந்தது. அடுத்து கும்ப்ளே. டெஸ்டில் சிறந்த பந்துவீச்சு 7/59. டெல்லியில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் 74 ரன்னுக்கு அவர் சாய்த்தது 1999 பிப்ரவரியில். அச்சுக்காரருக்கு அது தெரியாது. இரண்டே கார்டில் பத்து வருஷம் ஐந்தாகச் சுருங்கிவிட்டது பார்.

கங்குலி, திராவிட் இருவரும் கட்டில் இல்லை. 1996 ஜூனில் லார்ட்ஸில் ஒரே டெஸ்டில் அறிமுகமானவர்கள். ஆனால் இதை வைத்து ஆண்டை முடிவு செய்துவிடாதே. இல்லாத கார்டு தொலைந்ததாகவும் இருக்கலாம். உன் அம்மா எதிர்வீட்டுப் பையனிடம் தோற்றிருக்கவும் கூடும். ஆட்டம் அப்படி: மேலே இருக்கும் கார்டைப் பார்த்து ஒருவர் "ஹையஸ்ட் ஸ்கோர்" என்பார், யாருடைய எண் பெரிதோ அவருக்கு இரண்டு கார்டும். சதமே அடிக்காத பந்துவீச்சாளர் கையில் வந்தால் 'விக்கெட்' என்றுதான் கேட்கவேண்டும். கேட்கும் முறை எதிராளிக்குப் போய்விட்டால் அது டொக்கு கார்டு. மின்வெட்டு நேரத்தில் வாசல்படியில் உட்கார்ந்து ஆடிய பிள்ளைகளுக்குச் சராசரி, சதம், பந்துவீச்சுக் கணக்கெல்லாம் மனப்பாடம். வாய்ப்பாடுதான் ஏறவில்லை.

ஆட்டக்காரர் படக் கார்டு சேர்க்கும் பழக்கம் அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட்டிலிருந்து வந்தது. மெல்லிய பாக்கெட் நசுங்காமல் இருக்க ஓர் அட்டையைச் செருகினார்கள், அட்டையில் பேஸ்பால் ஆட்டக்காரரின் படத்தைப் போட்டார்கள். 1909இல் தொடங்கிய அப்படியொரு வரிசையில் ஹோனஸ் வாக்னரின் கார்டு சீக்கிரமே நிறுத்தப்பட்டது. புகையிலை வாங்கக் குழந்தைகளைத் தூண்டுமே என்று அவர் மறுத்ததாகச் சிலர் சொல்வார்கள், காசு தகராறு என்று வேறு சிலர். பிற்பாடு சிகரெட்டின் இடத்துக்குப் பபிள்கம் வந்தது. டாப்ஸ் நிறுவனம் 1952இல் தாமதமாக இறக்கிய கார்டுகள், ஆட்டப் பருவம் முடிந்துபோனதால் விற்காமல் தேங்கின. கிடங்கை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாக, அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்த வரிசையைச் சேர்ந்த மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 100 கோடி ரூபாய்.

நம் ஊர்ப் பெட்டிக்கடைக்கும் பபிள்கம்தான் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தது. 1987 உலகக் கோப்பைக் காலத்துப் பிள்ளைகளிடம் 'பிக் ஃபன்' என்று சொல்லிப்பார், முகம் மலரும். கம்மோடு வரும் ஆட்டக்காரர் படத்தில் ரன்னோ விக்கெட்டோ போட்டிருக்கும். குறித்த அளவு சேர்த்துக் கொடுத்தால், விரலால் பக்கங்களைச் சரசரவென்று தள்ள, பந்துவீச்சாளர் ஓடிவரும் சின்னப் புத்தகம் கிடைக்கும். அந்த அக்டோபரில்தான் சேப்பாக்கத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. ஆசையாகச் சேர்த்த படங்களைப் புத்தகத்துக்காகக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்ததால், முழு வரிசையை இன்று பார்ப்பது அபூர்வம்.

மிஞ்சியதை மழை பார்த்துக்கொண்டது. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளின் கீழ்த்தளத்தில் இருந்த ஆல்பம், சான்றிதழ், புத்தகம் எல்லாம் கூழாயின. அமெரிக்காவில் கடலில் கொட்டினார்கள். இங்கே தண்ணீரே வீடு தேடி வந்தது. பாட்டியின் பரண் உயரத்தில் இருந்ததால் உன் கட்டு பிழைத்தது.

இனி நீ செய்யவேண்டியது. கட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் பேண்டை முதலில் எடு. நம் வெயிலுக்கு அது இளகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும், உரித்தால் படமும் கூடவே வரும். லாமினேட் செய்யாதே, செய்தால் பழைய நிலைக்குத் திருப்பவே முடியாது. பரணும் இனி வேண்டாம், ஓட்டுச் சூட்டில் அட்டை வளையும். காய்ந்த டப்பாவில் போட்டு அலமாரியில் வை, இராமபாணப் பூச்சி வருகிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பார்.

விலைக்கு வருவோம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய நாணயம், ரேடியோ, கேமரா எல்லாம் பரப்பியிருப்பார்கள். அங்கே கொண்டுபோனால் முதலில் கட்டு முழுசா என்று எண்ணுவார்கள், அடுத்து முனை மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எண்ணிக்கை குறைந்த கட்டுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. அமெரிக்க ஏலச் செய்தியைப் படித்துவிட்டுக் கோட்டை கட்டாதே.

இன்னொரு குறையும் உண்டு. நீ அனுப்பிய ஏழாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். சயீத் அன்வர் கார்டு. ஒருநாள் ஆட்ட அதிகபட்சம் என்ற இடத்தில் அச்சிட்ட எண்ணை அடித்துவிட்டு, நீல பால்பாயின்ட் பேனாவால் 194 என்று எழுதியிருக்கிறது. சேப்பாக்கத்தில் 1997 மே 21 அன்று இந்தியாவுக்கு எதிராக அன்வர் அடித்தது அது, அந்நாளைய உலக சாதனை. அதற்கு முன்பே கட்டு வாங்கியாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சந்தையில் இதைக் கிறுக்கல் என்று ஒதுக்குவார்கள்.

அது உன் அம்மாவின் கையெழுத்து. விற்பதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேள்.

அன்புடன்,
மாமா