அலையைக் கேட்டாயா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

கல்யாணிலிருந்து லோக்கலில் போகும்போது, கல்வா தாண்டிப் பாலத்துத் தூண்களைச் சுற்றி வளையம் வளையமாய்ச் சிற்றலைகள் தெரிகின்றன. அப்படியானால் பாம்பே ஹை எண்ணெய் மேடைகளின் கால்களில் மோதும் பேரலை எப்படிச் சிதறும் என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. "கால் ஒல்லிதானே, கணக்கும் லேசாகத்தான் இருக்கும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாயே, அதற்குத்தான் உன் காதைத் திருகவேண்டும்.

ஒல்லி என்று யாரைக் கேட்டு முடிவு செய்தாய்? அலையை அல்லவா கேட்டிருக்கவேண்டும்! ஆழ்கடலில் அலைநீளம் காண, அலைக்காலத்தை வர்க்கமாக்கி 1.56ஆல் பெருக்கு. 10 வினாடி அலைக்கு 156 மீட்டர். 1974இல் 'சாகர் சாம்ராட்' என்ற துளையிடும் மேடை எண்ணெய் கண்ட அந்தப் பாம்பே ஹை கடலில், ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள கால் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள். நூறில் ஒரு பங்கு. அந்த அலைக்குக் கால் இருப்பதே தெரியாது. அதே காலில் ஒரு வினாடிச் சிற்றலை மோதினால்? அலைநீளமே 1.56 மீட்டர்தான், நன்றாகச் சிதறும். நீ பார்த்த வளையங்கள் இந்த ரகம். ஓதத்தின் ஓட்டத்தில் தூணுக்குப் பின்னால் விழும் சுழிகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே.

"சிதறாவிட்டால் விசையும் இல்லைதானே அண்ணா?" என்பாய். இருக்கிறதப்பா, நிறையவே. மோரிசன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1950இல் அந்த விசையை இரண்டாகப் பிரித்தார்கள்: நீரின் முடுக்கத்தால் வருவது ஒன்று, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்த இழுவிசை இன்னொன்று. முகடு காலைத் தாண்டும்போது வேகம் உச்சம். முடுக்கமோ அலைக்காலத்தில் நாலில் ஒரு பங்கு முந்தியே உச்சம் தொட்டுவிடும். நீ அவசரக்காரன், இரண்டு உச்சத்தையும் அப்படியே கூட்டிவிடுவாய். கூட்டாதே.

விட்டம் அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டினால் மோரிசனை மூடிவைத்துவிட்டு, வட்டத் தூணுக்கு மக்காமியும் ஃபூக்ஸும் 1954இல் தந்த சிதறல் தீர்வுக்குப் போ. கப்பல் போன்ற நீண்ட உடலென்றால் அலை வரும் திசையும் சேர்ந்துகொள்ளும். நேர் எதிரே வரும் அலைக்கு அது மெல்லிய உடல். பக்கவாட்டில் வரும் அலைக்கு நீண்ட மதில்.

"தோராயமாக இருந்தால் போதாதா?" என்று மட்டும் கேட்காதே. 2021 மே மாதம் டவ்தே புயலில், பாம்பே ஹை அருகே பி-305 பார்ஜ் நங்கூரம் அறுந்து மூழ்கிப் பலர் மாண்டார்கள். மனிதர்கள் தங்கி வேலை செய்யும் கடல் அது.

மக்காமி–ஃபூக்ஸ் தீர்வுக்குப் பெஸ்ஸல் சார்புகள் வேண்டும். போன வருஷம் நீ தாண்டிப் போன அதே அத்தியாயம்தான். அதை ஒழுங்காகப் படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
அண்ணா