காற்றால் குளிரும் வண்டிக்குக் குளிர்சாதனம்

1947ஆம் ஆண்டு, நெதர்லாந்து நாட்டு வாகன வணிகரான பென் போன் தம் குறிப்பேட்டில் ஒரு வண்டியின் உருவத்தைக் கிறுக்கி வைத்தார். நான்கு சக்கரங்களின்மேல் ஒரு பெட்டி; பெட்டியின் பின்முனையில் எஞ்சின்; அவ்வளவுதான். அந்தக் கோட்டோவியமே 1950இல் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் ஆலையிலிருந்து ஃபோக்ஸ்வாகன் வேனாக வெளிவந்தது. பின்னர் ஹனோவர் நகரிலும், கடல் கடந்து பிரேசிலிலும் அது உருவாயிற்று. பிரேசிலில் 2013ஆம் ஆண்டின் இறுதிவரை அதன் உற்பத்தி தொடர்ந்தது. ஓய்வுபெற வேண்டிய அகவையிலும் ஓடிக்கொண்டிருக்கும் அவ்வண்டிகளைப் பேணிக் காப்போர் இன்றும் பல நாடுகளில் உள்ளனர்.

இவ்வண்டியின் எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் கிடையாது. விசிறி ஒன்று வெளிக்காற்றை இழுத்து உருளைகளின்மேல் வீச, அக்காற்றே எஞ்சினின் வெப்பத்தைச் சுமந்து செல்லும். எஞ்சினுக்குக் கிடைக்கும் இந்தக் காற்று உள்ளே அமர்ந்திருப்பவருக்குக் கிடைப்பதில்லை. பழைய வகைகளுள் ஒன்றில் 23 சன்னல்கள் இருந்தன. கூரையின் ஓரங்களிலும் கண்ணாடி பதிக்கப்பட்டிருந்தது. ஆல்ப்ஸ் மலையின் சிகரங்களைப் பார்ப்பதற்கு அஃது அழகுதான். ஆனால் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில், கோடை வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது இயல்பான ஊரில், அதே கண்ணாடிகள் வண்டியை அடுப்பாக்கிவிடும்.

அந்நகரில் ஒரு குடும்பம் பாட்டனார் விட்டுச் சென்ற 1960களின் இறுதிக்கால வேன் ஒன்றை வைத்திருக்கிறது என்று கொள்வோம். பின்னிருக்கையில் சிறு குழந்தைகள் உள்ளனர். போக்குவரத்து விளக்கில் வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும். குழந்தைகளின் முகம் சிவந்துவிடும். வெப்பத்தாக்கு உயிருக்கே ஊறு செய்யக்கூடியது. எனவே அவர்கள்முன் இரண்டு வழிகளே உள்ளன: ஒன்று, வண்டியை விற்றுவிடுவது; மற்றொன்று, அதற்குக் குளிர்சாதனம் பொருத்துவது.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் கொட்டுகிறது. இதை மறந்தால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர் குளிர்வாயுவை அழுத்துகிறது. அழுத்தப்பட்டுச் சூடேறிய வாயு கண்டன்சர் என்னும் சுருட்குழாயில் வெப்பத்தை இழந்து நீர்மமாகிறது. பின்னர் நுண்துளை வழியே விரிந்து, வண்டிக்குள் உள்ள மற்றொரு சுருளில் ஆவியாகும்போது அங்குள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு டன் ஆற்றலுள்ள குளிர்சாதனம் சுமார் மூன்றரைக் கிலோவாட் வெப்பத்தை அகற்றும். அத்தனை வெப்பமும், கம்ப்ரசர் சேர்க்கும் வெப்பமும் வெளியே எங்கேனும் சென்றாக வேண்டும்.

எங்கே செல்வது? பிற்காலக் கார்களில் முன்புறம் ரேடியேட்டருக்கு முன்னால் கண்டன்சர் நிற்கும். இவ்வேனில் அத்தகைய இடமே இல்லை. முகம் தட்டையான இரும்புத் தகடு. எஞ்சினுக்கு அருகில் இடம் இருக்கிறதே என்று அங்கே வைத்தால் கேடு விளையும். எஞ்சின் விசிறி வெளிக்காற்றுக்குப் பதிலாகக் கண்டன்சர் கக்கும் சுடுகாற்றை இழுக்கும். குளிர்விக்க வேண்டிய காற்றே கொதிக்கும். 1971க்கு முந்தைய எஞ்சின்களில் எண்ணெய்க் குளிர்விப்பான் காற்றுப் பாதையிலேயே குறுக்கே நின்றது. அதனால் மூன்றாம் உருளை ஏற்கெனவே மற்றவற்றைவிட மிகுதியாகச் சூடேறும். சுமை கூடினால் முதலில் பழுதாவதும் அதுவே. ஆகவே கண்டன்சரை வண்டியின் அடிப்பகுதியில் கிடத்தி, மின்விசிறிகளால் காற்றை ஓட்டுவதே பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை. அங்கே கல்லும் சேறும் தெறிக்கும் என்பதால் ஒரு வலைத்தடுப்பும் தேவை.

விசிறிகளுக்கு மின்சாரம் வேண்டும். இங்கேதான் பலர் இடறுகின்றனர். அக்காலத்து 12 வோல்ட் டைனமோ தரக்கூடியது 30 முதல் 38 ஆம்பியர் வரைதான். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் கிடைக்காது. குளிர் மிகவும் தேவைப்படும் நேரமோ அதுவே! முகப்பு விளக்கு, துடைப்பான், விசிறிகள் அனைத்தும் சேர்ந்தால் பேட்டரி வற்றிவிடும். எனவே டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டரைப் பொருத்த வேண்டும். 1966 வரையிலான வண்டிகளில் 6 வோல்ட் அமைப்பே இருந்தது. அவற்றில் மின்சாரம் முழுவதையுமே மாற்ற நேரிடும்.

பழைய காலத்தினர் இதைவிட இடர்ப்பட்டனர். 1940ஆம் ஆண்டின் பாக்கார்டு கார்களில்தான் ஆலையிலேயே பொருத்தப்பட்ட குளிர்சாதனம் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. அதை நிறுத்த விரும்பினால் காரை நிறுத்தி, இறங்கி, கம்ப்ரசரின் பெல்ட்டையே கழற்ற வேண்டும். இன்றைய கம்ப்ரசரில் உள்ள மின்காந்தக் கிளட்ச், சுவிட்சைத் தொட்டதும் அதை விடுவித்துவிடுகிறது.

பழைய வேன்கள் சிலவற்றில் 1970களில் விற்பனையாளர் பொருத்திய குளிர்சாதனம் துருவேறிக் கிடக்கும். அதை உயிர்ப்பிக்க முனைவோர் வாயுவைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும். அதில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிக்கும் அவ்வாயுவைக் கைவிட 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை வழிசெய்தது. அதற்குப் பின் வந்த ஆர்-134ஏ பழைய எண்ணெயுடன் கலவாது; பழைய ரப்பர்க் குழாய்களின் வழியே கசியவும் செய்யும். எண்ணெய், குழாய், ஈரம் உறிஞ்சும் குப்பி ஆகியவற்றைப் புதிதாக்கியே அதை நிரப்ப வேண்டும். நிரப்புமுன் வெற்றிடப் பம்பால் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அகற்றாவிட்டால், ஈரம் உறைந்து நுண்துளையை அடைத்துவிடும்.

இனி அக்குடும்பத்தின் வேனுக்கு வருவோம். முதலில் அவர்கள் செய்யத்தக்கது கம்ப்ரசர் வாங்குவதன்று. கூரைத் தகட்டின் உட்புறம் வெப்பக்காப்பு ஒட்டுவதும், சன்னல்களுக்குத் திரையிடுவதும் ஆகும். உள்ளே புகும் வெப்பம் குறைந்தால் சிறிய கருவியே போதும். அடுத்து, எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்றைப் பொருத்துதல் வேண்டும். உட்சுருளில் வியர்க்கும் நீர் வடிய ஒரு சிறு குழாய் வேண்டும். அஃதில்லையேல் பாட்டனார் காத்த தரைத் தகடு துருப்பிடிக்கும். முடிந்தவரை புதிய துளை இடாமல், இருக்கும் துளைகளிலேயே தாங்கிகளைப் பொருத்துவது நன்று. பின்னாளில் எவரேனும் அனைத்தையும் கழற்றிப் பழைய உருவை மீட்க விரும்பலாம் அன்றோ?

எஞ்சினின் ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அதில் மூன்று முதல் ஐந்து வரை கம்ப்ரசர் எடுத்துக்கொள்ளும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. மலைப்பாதையில் மானியின் முள் சிவப்பை நெருங்கும்போது, ஓட்டுநர் சுவிட்சை அணைத்துச் சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். உச்சியை அடைந்தபின் குழந்தைகளே அதை மீண்டும் போடச் சொல்வார்கள்.

சொற்பொருள்
அகவை – வயது. ஊறு – தீங்கு. பாகை – டிகிரி. நீர்மம் – திரவம். இடர்ப்பட்டனர் – துன்புற்றனர்

பயிற்சி
1. கண்டன்சரை எஞ்சினுக்கு அருகில் வைத்தால் விளையும் கேடு யாது?
2. "கம்ப்ரசர் வாங்குவதன்று" – பிரித்து எழுதுக. இதே அமைப்பில் இரு தொடர்கள் அமைக்க.
3. வெப்பக்காப்பை முதலில் செய்யுமாறு பாடம் கூறுவது ஏன்?
4. அக்குடும்பம் வண்டியை விற்றிருக்கலாமா? உமது கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.