மழைக்கு முன் மீன்தொட்டிக்காரர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் தொட்டியை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அரவானா, கோஸ்ட் நைஃப், டெனிசன் பார்ப் என்று அபூர்வ மீன் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு இது. கப்பி வளர்ப்பவர்கள் கடைசிப் பகுதியையாவது படியுங்கள்.

ஹீட்டரை இப்போதே போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 1 வாட் கணக்கு. நீர் 26 முதல் 28 டிகிரி. டெனிசன் பார்ப்புக்கு மட்டும் இது பொருந்தாது: மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பிறந்த மீன், குளிர்ந்து ஓடும் நீர்தான் அதற்குச் சுகம். வாரம் கால் பங்கு நீர் மாற்றினால் போதும், முழுத் தொட்டியையும் கழுவிக் கவிழ்க்காதீர்கள். மழைக்காலத்தில் குழாய் நீரில் குளோரின் கூடுதலாக இருக்கும். தயோசல்பேட் போட்ட பிறகே ஊற்றுங்கள். மொட்டைமாடி மழைநீர் வேண்டவே வேண்டாம். தீனிக்குச் சாக்கடையில் அள்ளும் புழு வேண்டாம். அரவானா துள்ளும், மூடியின் மேல் கல் வையுங்கள்.

குளிர் ஏறி இறங்கினால் வெள்ளைப் புள்ளி நோய் வரும். உடம்பில் ரவை தூவியதுபோல் தெரியும். வெப்பத்தை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டிகிரியாக மெதுவாக உயர்த்துங்கள். செதில் மிகச் சிறிதான கோஸ்ட் நைஃபுக்கு மருந்து போடுவதானால் பாதி அளவில் தொடங்குங்கள்.

மின்வெட்டுக்குத் தயாரா? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் மறந்திருக்க மாட்டீர்கள். பேட்டரி ஏரேட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். இல்லையென்றால் சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கரண்ட் வரும்வரை தீனி போடாதீர்கள். கோராமியும் ஃபைட்டரும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். பார்ப் முதலில் போகும். மணிக்கணக்கில் நின்ற ஃபில்டரை, வாளியில் மொண்ட தொட்டி நீரில் அலசிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். இல்லையென்றால் உள்ளே செத்து அழுகியதெல்லாம் மீனின் மேல் கொட்டும்.

இனி, இந்தக் குறிப்பை எழுதவைத்த விஷயம். மீனை ஏரியில் விடாதீர்கள். குளம், ஆறு, வாய்க்கால், கோவில் தெப்பக்குளம், எங்கேயும் விடாதீர்கள்.

போன மழையில் ஒரு ஏரிக்கரையில் நின்றேன். வலை முழுக்க "டேங்க் கிளீனர்", அதாவது சக்கர் மீன். முள்துடுப்பு வலையில் மாட்டிக்கொண்டால் வலையை அறுக்காமல் எடுக்க முடியாது. எடுத்தாலும் வாங்க ஆளில்லை. தென் அமெரிக்க மீன் இது. தண்ணீரில் காற்றுக் குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும், கரையைக் குடைந்து முட்டையிடும். தானாகவா நடந்து வந்தது? யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டி சிறிதாகிவிட்டதென்று வாளியில் தூக்கி வந்து ஊற்றியது. "கொல்ல மனசு வரல சார், புண்ணியமாப் போகட்டும்னு விட்டேன்" என்பார்கள். ஒன்றுக்குப் பிழைப்பு கொடுத்து ஊர்மீனுக்கெல்லாம் எமனை அனுப்புவதில் என்ன புண்ணியம்?

அலிகேட்டர் கார் என்ற மீன் வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் ஆறடியைத் தாண்டும். அதன் முட்டை மனிதருக்கு விஷம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் இதுவும் அரபைமா என்ற மீனும் வலையில் ஏறின. நீங்கள் விடவில்லை, வெள்ளம் கொண்டுபோனது என்றாலும் பழி உங்களுக்குத்தான். தரைத்தள வீடு, வெளித்தொட்டி வைத்திருப்போர் இன்றே மேலே ஏற்றுங்கள். முடியாவிட்டால் வலை கட்டுங்கள்.

மீன் பெரிதாகிவிட்டதா? வாங்கிய கடையில் திருப்பிக் கேளுங்கள், வேறு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள். எதுவும் நடக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கி முடித்துவைக்க வழி இருக்கிறது. கேட்கக் கசக்கும். ஏரியில் விடுவதைவிட நூறு மடங்கு மேல்.

செத்த மீனைப் புதையுங்கள். தொட்டி மாற்றிய நீரைக்கூட மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள், அதில் முட்டையும் நத்தையும் இருக்கும். செடிக்கு ஊற்றுங்கள்.